தும்முகிற முயலின் வாய்க்குள்

முயலை மேசைமேல் இறக்கியதும் மருத்துவர் அதன் முன்னங்கால்கள் இரண்டையும் திருப்பிப் பார்த்தார். பாதத்துக்குச் சற்று மேலே, உள்பக்கத்து ரோமம் ஒட்டிப்போய், காய்ந்து, திரிதிரியாக நின்றது.

"எத்தனை நாளா தும்முறான்?"

"ஒரு வாரம் இருக்கும் மேடம்," என்றார் அப்பா.

"இல்லப்பா. தீபாவளிக்கு முன்னாடியே ஆரம்பிச்சாச்சு," என்றாள் பதினோராம் வகுப்புப் படிக்கும் மகள்.

கால் மகள் பக்கம்தான் சாட்சி சொன்னது. மூக்கு ஒழுகினால் முயல் முன்னங்கால்களால்தான் துடைத்துக்கொள்ளும். அதனால் நாம் பார்க்கிற நேரத்தில் மூக்கு பளிச்சென்று இருக்கும். வண்டவாளமெல்லாம் காலில் இருக்கும். "இது ஒரு வாரத்து அழுக்கு இல்ல சார்," என்றார் மருத்துவர். கடிந்து சொல்லவில்லை. பெரும்பாலான வீடுகளில் முதல் பத்துத் தும்மலைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வீடியோ எடுத்து அனுப்பிவிட்டு, அதற்கப்புறம்தான் கவலைப்படுவார்கள் என்பது அவருக்குப் பழகிப்போன கதை.

சென்னையில் ஒரு மாடியில் இருக்கிறது இந்தச் சிறிய மருத்துவமனை. பறவை, ஆமை, முயல், வெள்ளெலி மட்டும்தான் பார்க்கிறார்கள். நாய்க்கும் பூனைக்கும் கீழ்த்தெருவில் வேறு இடம். பிறந்ததிலிருந்து இரையாகவே வாழும் பிராணியைப் பக்கத்து நாற்காலி நாயின் மூச்சு கேட்கும் தூரத்தில் உட்காரவைத்தால், மூச்சும் நாடித்துடிப்பும் தாறுமாறாகிவிடும்; பிறகு எண்ணிப் பார்த்தும் பயனில்லை. முயல் தும்மினால் சளிதானே, அதற்கு எதற்கு மருத்துவமனை என்ற கேள்வியை நானும் பலர் வாயால் கேட்டிருக்கிறேன். அதனால்தான் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலை மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

சாம்பல் நிறத்தால் ‘சாம்பு’ என்று பெயர் பெற்ற அந்த முயலுக்கு மூன்று வயது. சோவியத் சின்சில்லாக் கலப்பு என்றார் மருத்துவர். நம் காட்டில் துள்ளியோடும் முயல் வேறு இனம். கூண்டில் வளர்வதெல்லாம் ஐரோப்பிய முயலின் வழிவந்தவை. இறைச்சிக்கும் ரோமத்துக்குமாக இந்தச் சின்சில்லா வகையைக் கொடைக்கானல் மன்னவனூரில் உள்ள மத்திய ஆராய்ச்சி மையத்தில் வளர்க்கிறார்கள். மலைக்குளிருக்கு ஏற்ற உடம்பு, சமவெளிச் சந்தைகள் வழியாக சென்னை அடுக்குமாடியின் பால்கனிக்கு வந்துவிடுகிறது.

மேசைமேல் துண்டு விரித்திருந்தது, கால் வழுக்காமல் இருக்க. மருத்துவரின் ஒரு கை எப்போதும் பின்புறத்தைத் தாங்கியே இருந்தது. முயலின் தொடை வலு அதிகம், எலும்பு மெலிசு. பிடி நழுவிய நேரத்தில் ஓங்கி உதைத்தால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். மல்லாக்கப் போட்டு ‘எவ்வளவு சுகமா தூங்குது பாருங்க’ என்று சுற்றும் வீடியோக்களைப் பற்றிக் கேட்டேன். "பயத்துல உறைஞ்சு கிடக்குதுங்க. சுகமாவது ஒண்ணாவது!" என்றார்.

சுவரில் முயல் முகப் படங்கள் கொண்ட அட்டவணை ஒன்று. 2012-இல் வெளியான வலி அளவீடு அது. கண் இடுங்குவது, கன்னம் ஒட்டுவது, மூக்குத்துளை கூர்மையாவது, மீசை விறைப்பது, காது பின்னால் மடிவது என்று ஐந்து அடையாளங்களுக்கு மதிப்பெண் போடுவார்கள். வலியில் முயல் பெரும்பாலும் கத்தாது. கத்துகிற முயலைப் பருந்து முதலில் எடுத்துப் போய்விடும் என்பதால் இயற்கை அதற்குக் கற்றுக்கொடுத்த அடக்கம் அது. சாம்புவின் கண்கள் லேசாக இடுங்கியிருந்தன. எனக்கு அது தெரியவே இல்லை. அட்டவணையோடு ஒப்பிட்டுக் காட்டிய பிறகுதான் தெரிந்தது.

மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்து மூச்சை எண்ணினார். அமைதியாக இருக்கும் முயலுக்கு நிமிடத்துக்கு 30 முதல் 60 வரை இயல்பு. நுரையீரலில் இரைச்சல் இல்லை. முயல் மூக்கால் மட்டுமே மூச்சுவிடுகிற பிராணி. அதன் தொண்டையின் அமைப்பே அப்படி. வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட நேரமில்லை, ஓட வேண்டும். மூக்கடைப்பு நமக்குத் தொல்லை. முயலுக்கு உயிர்ப் பிரச்சினை.

அடுத்து கண். இடது கண்ணின் உள்மூலையில் ஈரம், அதற்குக் கீழே ரோமம் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. அந்த இடத்தில் விரலால் மெல்ல அழுத்தினார். கீழிமையின் ஓரத்திலிருந்து ஒரு சொட்டு வெள்ளையாக எழும்பி வந்தது. அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு கீழ்த்தாடையின் அடிவிளிம்பை இரு கைவிரல்களாலும் தடவினார். என் விரலையும் பிடித்து அங்கே வைத்தார். வழவழவென்று இருக்க வேண்டிய எலும்பில் வரிசையாகச் சின்னச் சின்ன மேடுகள் தட்டுப்பட்டன. கடைவாய்ப் பற்களின் வேர்கள் கீழ்நோக்கி நீண்டு எலும்பைத் தள்ளிக்கொண்டிருக்கின்றன என்றார். தும்மலுக்காக வந்த முயலின் தாடையை ஏன் தடவுகிறார் என்பது அப்போதுதான் எனக்குப் பிடிபட ஆரம்பித்தது.

முயலுக்கு 28 பற்கள். முன்னால் மேலே தெரியும் இரண்டு வெட்டுப்பற்களுக்குப் பின்னால் குச்சி போல இன்னும் இரண்டு ஒளிந்திருக்கும். எலிக் குடும்பத்தில் இவை கிடையாது. முயலைக் கொறிவிலங்குகளிலிருந்து பிரித்து 1912-இல் தனி வரிசையில் வைத்தபோது இந்தக் குட்டிப் பற்களும் ஒரு முக்கிய அடையாளம். முன்பல், கடைவாய்ப்பல் எல்லாமே வாழ்நாள் முழுக்க வளரும். வெட்டுப்பல் வாரத்துக்கு இரண்டு மில்லிமீட்டருக்குக் குறையாமல் வளர்கிறது; தேயாமல் விட்டால் ஓராண்டில் நான்கு அங்குலம். அந்த வளர்ச்சிக்குக் கணக்குப் பார்ப்பது புல். புல்லில் மணல் போன்ற சிலிக்காத் துகள்கள் இருக்கின்றன. தாடையைப் பக்கவாட்டில் ஆட்டி, நிமிடத்துக்கு நூறு முறைக்கு மேல் அரைத்துத்தான் முயல் அதை விழுங்குகிறது. காரட்டையும் பெல்லட் தீவனத்தையும் இரண்டு கடியில் நொறுக்கிவிடலாம், பல்லுக்கு வேலையே இல்லை. தேயாத பல் மேலே வளர இடமில்லாமல் எதிர்ப்பல்லில் முட்டுகிறது. பிறகு வேர்ப்பக்கமாகப் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. மேல்தாடையில் அந்த வேர்களை ஒட்டித்தான் கண்ணீர்க் குழாய் ஓடுகிறது. கண்ணிலிருந்து மூக்குக்குள் போகும் அந்தக் குழாய் நசுங்கினால் கண்ணீர் தேங்கும், கிருமி சேரும், சீழ் பிடிக்கும், மூக்கில் வழியும். முயல் தும்மும். நாம் சளி என்போம்.

மருத்துவரின் அலமாரியில் பிரான்சஸ் ஹார்கோர்ட்-பிரவுன் 2002-இல் எழுதிய முயல் மருத்துவப் பாடநூல் மூலை மடங்கிக் கிடந்தது. பல் தேய்வு மட்டுமல்ல, வெயிலே படாமல் வளர்வதாலும் சுண்ணாம்புச்சத்துக் குறைவாலும் தாடையெலும்பு இளகிப் பற்கள் ஆட்டம் காண்கின்றன என்று வலியுறுத்தியவர் அவர். "எது முதல் காரணம்னு டாக்டர்களுக்குள்ள வாதம் இருக்கு. எனக்கு வர்ற முயல்ங்களுக்கு புல்லும் கிடையாது, வெயிலும் கிடையாது. நான் எந்தக் கட்சியில சேர?" என்று சிரித்தார்.

காது பார்க்கும் ஓட்டோஸ்கோப்பையே வாயோரமாக நுழைத்துப் பார்த்தார். முயலின் வாய் குறுகல், நாக்கு தடிமன், கன்னம் உள்ளே மடிந்து வரும். கொட்டாவி விடும்போது நாம் பார்ப்பது முன்பற்களை மட்டும்தான். விழித்திருக்கும் முயலிடம் கடைவாயில் பாதி தெரிந்தாலே பெரிது. தெரிந்த பாதியிலேயே இடது கீழ்ப்பல் ஒன்று முள்ளாகி நாக்குப் பக்கம் சாய்ந்திருந்தது. கீழ்ப்பல் முள் நாக்கைக் கிழிக்கும், மேல்பல் முள் கன்னத்தைக் கிழிக்கும்.

"ஆனா நல்லா சாப்பிடுறான் மேடம்," என்றார் அப்பா, கொஞ்சம் தற்காப்பாக.

"என்ன சாப்பிடுறான்?"

"காரட், கொத்தமல்லி, அம்மா கொடுக்கிற மேரி பிஸ்கட்..."

"காய்ஞ்ச புல்?"

"அத முன்ன மாதிரி தொடுறதில்ல."

மருத்துவர் ஒன்றும் சொல்லாமல் சீட்டில் எழுதிக்கொண்டார். அன்று காலை நான் கேட்டவற்றில் ஒன்றை மட்டும் முயல் வளர்ப்பவர்களிடம் சொல்ல முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன். பல்வலி வந்த முயல் சட்டென்று பட்டினி கிடப்பதில்லை. முதலில் காய்ந்த புல்லை விடும், அடுத்து கடினமான பெல்லட்டை, பிறகு தடித்த காம்புகளை. மென்மையானதை ஆசையாகத் தின்றுகொண்டே இருக்கும். கிண்ணத்தை நோக்கி ஓடிவரும், எடுத்து வாயில் வைக்கும், கீழே போடும். வீட்டார் கண்ணுக்கு அது நல்ல பசி. எதை ஒதுக்குகிறது என்று பார்க்கிற வீட்டில்தான் நோய் சீக்கிரம் தெரியவரும்.

கண்ணில் மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து விட்டு, சற்றுப் பொறுத்து, கீழிமையின் உள்ளே இருக்கும் துவாரத்தில் மெல்லிய குழாயைச் செருகினார். முயலுக்குக் கண்ணீர் வடிய ஒரு கண்ணுக்கு ஒரே துவாரம்தான், நமக்குப் போல இரண்டு இல்லை. சிரிஞ்சில் உப்புநீர். முதல் தள்ளலில் ஒன்றும் நகரவில்லை. இரண்டாவதில் இமையோரமாகவே திரும்பி வழிந்தது. உதவியாளர் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள, மருத்துவர் விசையைக் கூட்டாமல் பொறுமையாகத் தள்ளிக்கொண்டே இருந்தார். திடீரென்று இடது மூக்குத்துளையில் கெட்டித் தயிர் போல ஒரு திரி வெளியே வந்து விழுந்தது, பின்னாலேயே கலங்கிய நீர், அப்புறம் தெளிந்த நீர். சாம்பு மூன்று முறை அடுக்காகத் தும்மியது. என் சட்டைமேலும் பட்டது.

எக்ஸ்ரே படத்தில் வேர்கள் நீண்டிருந்தது பார்க்கிற எவருக்கும் தெரிந்தது. ஒன்றன்மேல் ஒன்று நிழல் விழுவதால் எந்தப் பல் என்று துல்லியமாகச் சொல்ல சி.டி. ஸ்கேன் நல்லது என்றார். ஆனால் எல்லா வீட்டாருக்கும் அது கட்டுப்படியாகாது என்பதையும் அவரே சொன்னார். வேரடியில் சீழ்க்கட்டி தோன்றவில்லை. தோன்றியிருந்தால் கதை வேறு. முயலின் சீழ் இறுகலானது, கீறிவிட்டால் வடியாது. கட்டியை உறையோடு வெட்டியெடுக்க வேண்டும்.

இடையில் ஒரு தொலைபேசி. மறுமுனையில் யாரோ, முயல் தும்முகிறது, வீட்டில் குழந்தைக்கு வாங்கிய அமாக்சிசிலின் சிரப் மீதி இருக்கிறது, கால் மூடி கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். காலை முழுக்கத் தாழ்ந்தே ஒலித்த மருத்துவரின் குரல் முதன்முறையாக உயர்ந்தது. "கொடுக்காதீங்க! ஒரு சொட்டு கூட வாயில விடாதீங்க!" பென்சிலின் வகை மருந்துகள் வாய்வழியாகப் போனால் முயலின் குடலில் செரிமானம் செய்யும் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, நஞ்சு சுரக்கும் கிருமி பெருகிவிடும். நமக்குச் சாதாரணமான மாத்திரை முயலைக் கொன்றுவிடக்கூடும். நாய்களுக்கு உண்ணிக்காகத் தடவும் ஃபிப்ரோனிலும் அப்படித்தான். சளி என்று பெயர் வைத்துவிட்டால் கை தானாக மருந்துப் பெட்டிக்குப் போகிறது. அந்தப் பழக்கத்துக்கு நான்தான் பெரிய எதிரி என்று போனை வைத்தபடி சொன்னார்.

அடுத்து வந்தது வெள்ளைக் குட்டி ஒன்று, ஏழெட்டு வயதுப் பையன் மடியில். அதுவும் தும்மல்தான். ஆனால் முன்னங்கால் ரோமம் உலர்ந்து பஞ்சாக இருந்தது, கண் தெளிவு, தாடை வழவழப்பு, மூக்கில் ஒரு துளி நீர் கூட இல்லை.

"வீட்ல சாம்பிராணி போடுவீங்களா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை மட்டும் டாக்டர்."

"தும்மல் எந்தக் கிழமைல ஜாஸ்தி?"

அந்த அம்மா யோசித்தார், பிறகு சிரித்துவிட்டார். கொசுவர்த்திச் சுருளும் உண்டு என்று பையன் போட்டுக்கொடுத்தான். புல் பொட்டலத்தின் அடியில் தங்கும் தூளை அப்படியே கூண்டில் கொட்டுவதும் வெளியே வந்தது. புல்லை மொட்டைமாடியில் உதறிவிட்டுப் போடு, சிறுநீர்த் தட்டைத் தினமும் மாற்று, புகையை வேறு அறையில் வைத்துக்கொள். மருந்து எழுதவில்லை. பாஸ்டுரெல்லா போன்ற கிருமிகள் பல முயல்களின் மூக்கில் சும்மாவே குடியிருக்கும். தூசியும் அம்மோனியா நெடியும் பயமும் வெக்கையும் சேரும்போதுதான் நோயாகக் கிளம்பும். ஒரு வாரத்தில் குறையவில்லை என்றாலோ மூக்கு வெள்ளையாக ஒழுகினாலோ மூக்கினுள் ஆழத்தில் பஞ்சு விட்டு எடுத்து, எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று சோதிக்க வேண்டும் என்றார். "பேரு மட்டும்தான் ஒண்ணு, தும்மல். அந்த முயலுக்கும் இந்த முயலுக்கும் சம்பந்தமே இல்ல," என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

சாம்புவை மயக்கத்தில் வைத்துப் பல் சீராக்கியதைக் கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்த்தேன். முதல்நாள் இரவிலிருந்து பட்டினி போடச் சொல்லவில்லை, அறைக்குள் போகும் வரைக்கும் மல்லித்தழை மென்றுகொண்டிருந்தது. முயலால் வாந்தி எடுக்க முடியாது; வயிறு காலியானால்தான் ஆபத்து, குடல் ஓட்டம் நின்றுவிடும். மயக்கம் பிடித்ததும் வாயைச் சிறு சட்டத்தால் விரித்து, சுழலும் நுண்ணிய அரத்தால் முள்ளை அரைத்துத் தள்ளினார்கள். நகவெட்டியால் பல்லை நறுக்கிவிடும் பழைய வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. பல் நீளவாக்கில் பிளந்து, வேர்வரை கிருமி இறங்க அது வழிசெய்யும். முடிந்த பிறகு வலிமருந்து கொடுத்து, ஊட்டும் கஞ்சிப் பொடியைக் கரைத்து சிரிஞ்சில் புகட்டிவிட்டுத்தான் கூடைக்கு மாற்றினார்கள்.

சில நாள் கழித்து நங்கநல்லூரில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பால்கனியில் கம்பிக் கூண்டு. நின்றுகொண்டிருந்தபோது எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. குனிந்து முயலின் மூக்கு இருக்கும் உயரத்துக்கு முகத்தைக் கொண்டுபோனேன், கண் எரிந்தது. காலையில்தான் கழுவினோம் என்றார் அப்பா. தட்டைக் கழுவியிருந்தார்கள், கீழே தரையில் ஊறியிருந்ததைக் கழுவவில்லை. அந்தப் பெண் உடனே வாளி எடுத்து வந்துவிட்டாள்.

கூண்டுக்குள் ஒரு கட்டு பச்சைப்புல். பம்மலில் மாடு வைத்திருக்கும் பால்காரர் ஒருவரிடமிருந்து கோ-4 என்ற தீவனப்புல் வாரம் இருமுறை வருகிறதாம். பூக்கடையில் அருகம்புல் கிடைக்கிறது, ஆனால் பிள்ளையாருக்குப் போடும் கட்டு சாம்புவுக்கு ஒரு வேளைக்குக் கூடக் காணாது. குதிரைமசால் வாங்கலாமா என்று கேட்டதற்கு மருத்துவர் வேண்டாம் என்றிருக்கிறார். வளரும் குட்டிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் சரி, வளர்ந்த முயலுக்குச் சுண்ணாம்புச்சத்து அதிகமாகிச் சிறுநீரில் படியும். பாட்டிக்கு இந்த ஏற்பாட்டில் திருப்தி இல்லை. "வாய்ப்புண்ணோட இருக்கிற ஜீவனுக்கு மெத்துன்னு ஒரு பிஸ்கட் கொடுக்கக் கூடாதா? எனக்குப் பல்லு போனப்ப என்னை யாரும் புல்லு திங்கச் சொல்லலியே," என்றார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

சமையலறைத் தராசுமேல் பிளாஸ்டிக் கூடை, கூடைக்குள் சாம்பு. நோய்க்கு முன் 3.1 கிலோ இருந்தது 2.7 வரை இறங்கியிருந்தது, அன்று 2.78. அடர்ந்த ரோமம் என்பதால் இந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாது, தடவினால்தான் முதுகெலும்பு குத்தும். மகள் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறாள்: எடை, எதைத் தின்றது, எதை விட்டது, தும்மல் எப்போது, கண் ஈரமா, முகவாய் நனைந்திருக்கிறதா, முன்னங்கால் எப்படி. வாரம் ஒருமுறை உதட்டை விலக்கி முன்பற்களைப் போனில் படம் எடுக்கிறாள். பழைய படத்தோடு வைத்துப் பார்த்தால் கோணல் தெரியும். புழுக்கைக்கும் தனிப் பத்தி. பெரிதாக, உருண்டையாக, உடைத்தால் நார் தெரிந்தால் நல்லது. சின்னதாகக் கறுத்து வந்தாலோ குறைந்தாலோ கவலை. இரவில் முயல் தானே குனிந்து தின்றுவிட வேண்டிய மென்மையான புழுக்கை பின்புறத்தில் ஒட்டிக்கிடந்தால், வலியால் வாயைக் கொண்டுபோகவில்லை என்று பொருள். பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் நள்ளிரவானாலும் கூப்பிடுங்கள் என்று மருத்துவர் எண் கொடுத்திருக்கிறார்.

முயலை வாங்கியது அறுநூறு ரூபாய்க்கு, இதுவரை ஆனது அதுபோலப் பத்து மடங்கு என்று அப்பா கணக்குச் சொன்னார். நீண்ட வேர் திரும்பக் குறுகாது. ஆறு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். அநேகமாக வாழ்நாள் முழுக்க இப்படி அரைத்துவிட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும், புல் தின்னத் தின்ன இடைவெளி கூடலாம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் முயல் எட்டு, பத்து ஆண்டு இருக்கும். அவர் அதையும் பெருக்கிப் பார்த்துவிட்டார் என்று முகத்திலேயே தெரிந்தது.

நான் கிளம்பும்போது உள்ளே அடுத்தடுத்து இரண்டு தும்மல். மகள் நோட்டை எடுத்தாள். "அப்பா, நீ கூண்டுக்குள்ளயே புல்ல உதறினியா?"

"கொஞ்சம்தாம்மா."

தும்மல் இரண்டு, காரணம் அப்பா என்று எழுதிவிட்டு, கட்டைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள்.